விஜயதசமிக்கு மறுநாள்

நாட்களை எண்ணுவதுதான் என் வேலையாக இருந்தது. ஷார்ஜா தொழில்பேட்டையில், கராஜ்களுக்கும் தகரக் கூரை போட்ட பட்டறைகளுக்கும் நடுவில், கட்டுமானப் பொருட்களைச் சோதிக்கும் ஒரு சின்ன லேப். சைட்டில் கான்கிரீட் போடும்போது அதில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் நிரப்பி, ஆறங்குலக் கட்டிகளாக எங்களுக்கு அனுப்புவார்கள். கியூப் என்போம். அவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்து, ஏழாம் நாள் சிலவற்றையும் இருபத்தெட்டாம் நாள் சிலவற்றையும் மெஷினில் நசுக்கி, எந்தப் பாரத்தில் உடைந்தது என்று எழுத வேண்டும். நாள் தவறினால் அந்த ரிசல்ட் குப்பை. ஒரு தேதிக்கு மூன்று கியூப் உடைப்போம். இரண்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படியிருந்தும் ஒருவருக்கு ஒரு முழு மாதம் தப்பாக நாள் குறித்துக் கொடுத்தேன்.

எண்பத்தாறில் அங்கே போனேன். கோயம்புத்தூரில் பெண்கள் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, ஒரு லேபில் இரண்டு வருஷம் வேலை பார்த்த அனுபவம். பெட்டியில் என்னென்ன இருந்தன என்று எழுதி வைத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பதினொன்றாவது அயிட்டம்: தினசரி காலண்டர், ஒன்று. ஜவுளிக்கடையில் கொடுத்தது. தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம், அமாவாசைக்குக் கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு வெள்ளை வட்டம் எல்லாம் போட்டிருக்கும். அதை ஊருக்குள் ரோலா பகுதியில் கம்பெனி கொடுத்த ஃப்ளாட்டின் சமையலறையில், ஃபிரிட்ஜுக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன்.

அந்த ஃப்ளாட்டில் இரண்டு அறைகள். மற்ற அறையில் இருந்தவர் எங்கள் ஆபீஸின் டெலக்ஸ் ஆபரேட்டர். எர்ணாகுளத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயம்புத்தூரில் ஒரு மில் ஆபீசில் ஏழு வருஷம் டைப்பிஸ்டாக இருந்ததால் தமிழ் பேசுவார். அந்தத் தமிழில் பாதி எங்கள் ஊர், பாதி அவர் ஊர். எல்லோரும் அவரைச் சேச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும்.

சேச்சி கிறிஸ்தவர் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். விசா பாரத்திலும் அப்படித்தான் இருந்தது. கீழ் ஃப்ளாட்டில் இருந்த மலையாளி நர்சுகள் வெள்ளிக்கிழமைதோறும் சர்ச்சுக்குக் கூப்பிட வருவார்கள். சேச்சிக்கு வெள்ளிக்கிழமை மட்டும் தலைவலி வரும், அல்லது சாம்பல் நிறச் சேலைக்கு இஸ்திரி போட வேண்டியிருக்கும். ஒரு நாள் படிக்கட்டில் நின்று ஒரு நர்ஸ் விடாமல் கேட்டாள்.

"சேச்சி, நீங்க எந்தச் சபை, யாக்கோபாயாவா, மார்த்தோமாவா? போன தடவ கேட்டப்ப ரோமன்னு சொன்னீங்களாமே!"

"மூணும் கர்த்தாவோட பள்ளிதானே மோளே. எதுக்குப் போனாலும் காலு வலிக்கும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். பள்ளி என்றால் அவர்கள் ஊரில் சர்ச்.

எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. சில பேருக்குச் சர்ச் பிடிக்காது, சில பேருக்குப் படி ஏறப் பிடிக்காது. தினமும் எழுதும் என் நோட்டில் சேச்சி பற்றிக் குறித்திருந்தவை வேறு: இறால் சாப்பிடுவதில்லை. செதில் உள்ள மீன் மட்டும். கறியும் தயிரும் ஒரே வேளையில் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறைக்குள் மெழுகுவர்த்தி; கேட்டால் "கரண்ட் போனா?" என்பார். கரண்ட் போனதே இல்லை.

அந்த வருஷம் விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அங்கே ஞாயிறு வேலைநாள். ரோலாவில் ஒரு கடையில் பொரியும் கடலையும் வாங்கி, என் ஸ்கேல், கால்குலேட்டர், காலிபர் மூன்றையும் மேசையில் வைத்து, ஒரு பொட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பூஜை முடிய நான்கு நிமிஷம் ஆனது. கூட இருந்து சுண்டல் கேட்க யாரும் இல்லாத பூஜை அவ்வளவு சீக்கிரம் முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் சேச்சி, வயிற்று வலி, ஆபீசுக்கு வரவில்லை என்று மட்டும் அறைக்குள்ளிருந்து சொன்னார். மத்தியானம் ரோலா பக்கம் போன கம்பெனி வேனில் ஏறி அவரைப் பார்க்க வந்தேன். டிரைவர் ஒரு பட்டாணியர்; "பாஞ்ச் மினிட் மேடம், யல்லா" என்று ஐந்து நிமிஷம் கெடு வைத்து, இன்ஜினை நிறுத்தாமலே கீழே நின்றார்.

சேச்சி வெள்ளைச் சேலையில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது.

"யாராச்சும் தவறிட்டாங்களா சேச்சி?"

"ஆரும் மரிச்சில்ல. நீ போ."

ஓடிப்போய் உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தேன். "ஒரு வாயாச்சும் குடிங்க. இந்த ஊரு வெயிலுக்குத் தண்ணி குடிக்காம இருந்தீங்கன்னா மயக்கம் வந்துருமுங்க."

"வேண்டா."

"டாக்டர்கிட்டப் போலாமுங்க. வேன் கீழதான் நிக்குது."

"மோளே, இது வலி இல்ல. நோம்பு."

"என்ன நோம்புங்க? ஈஸ்டர் போயி ஆறு மாசமாச்சு!"

அவர் சிரித்தார். உதடு வெடித்து ரத்தம் ஒரு புள்ளி வந்தது. "நீ போய் உன் கட்டியெல்லாம் உடை. சாயங்காலம் மூணு நட்சத்திரம் பார்த்துட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் என்னையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். ஆன்டெனாக் கம்பிகளுக்கும் காய்ந்த துணிகளுக்கும் நடுவில் நின்று, அவர் மேற்கேயும் நான் கிழக்கேயும் தேடினோம். கடல் பக்கத்துப் புழுக்கமும் தூசியும் சேர்ந்து வானம் பழைய கண்ணாடி மாதிரி இருந்தது.

"அதோ ஒண்ணு."

"அது வெள்ளி, சேச்சி. கிரகம். கணக்குல வராது."

"ஆரு சொன்னது?"

"நட்சத்திரம்னுதானுங்க சொன்னீங்க. மூணுன்னா மூணு."

"ஈ பெண்ணோட கூட நோம்பு பிடிச்சா ராத்திரி முழுக்கப் பட்டினிதான்" என்று முனகினார். கடைசியில் மூன்றும் தெரிந்தன. "மூணு!" என்று நான் கத்தினேன். எலுமிச்சை பிழிந்து வைத்திருந்த தம்ளரை எடுத்து, வாய்க்குள் ஏதோ சொல்லி, கண்ணை மூடிக் குடித்தார்.

பிறகு கீழே வந்து சமையலறையில் உட்கார்ந்து சொன்னார். அவர் கிறிஸ்தவர் இல்லை. யூதர். எர்ணாகுளத்தில் அவர்கள் தெருவில் ஒரு காலத்தில் வீடு வீடாக இருந்தார்கள். அவர் சிறுமியாக இருந்தபோது அக்காவும் மற்றவர்களும் கிளம்பி, யூதர்களுக்கென்று புதிதாக உண்டான அந்த நாட்டுக்குப் போய்விட்டார்கள். படுக்கையில் இருந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள இவர் நின்றார். அப்பா போன பிறகு பிழைப்புக்கு முதலில் கோயம்புத்தூர், பிறகு இங்கே. பாரத்தை நிரப்பிய ஏஜென்ட், 'மதம்' என்ற இடத்தில் தானாகவே கிறிஸ்தவர் என்று டைப் அடித்துவிட்டார். இவர் திருத்தவில்லை.

யூதர் என்ற சொல்லை நான் பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்தேன். நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. "இன்னும் இருக்காங்களா?"

"பின்னே, உனக்கு டெய்லி சட்னி அரைக்கறது ஆரு?"

அந்த நாட்டின் பெயரை அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை. 'அவிட' என்பார். அங்கே என்று அர்த்தம். அரபு நாடுகளுக்கும் அதற்கும் பகை; ஷார்ஜாவிலிருந்து அவிடத்துக்குக் கடிதம் போகாது, போன் போகாது. அக்காவின் கடிதம் எர்ணாகுளத்துக்கு வரும். தூரத்து உறவான ஒரு பெரியவர் வேறு கவரில் போட்டு இங்கே அனுப்புவார். வருஷத்துக்கு ஒரு முறை அவரே ஒரு துண்டுத் தாளில் தேதிகளையும் எழுதி அனுப்புவார். எந்தப் பண்டிகை என்று பெயர் இருக்காது, வெறும் தேதிகள். பெஸஹா என்கிற பாஸ்கா பண்டிகைக்கு ஒன்று, புது வருஷத்துக்கு ஒன்று, அதிலிருந்து பத்தாம் நாள் இந்த நோன்பு. பெஸஹா என்ற சொல்லை நர்சுகளும் அவர்களுடைய பெரிய வியாழனுக்குச் சொல்வார்கள் என்பதால் அது ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லலாம். மற்றவை அறைக்குள்.

"பட்டினி எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் சேச்சி. "வருஷம் முழுக்க நான் கிறிஸ்தியானி. ஈ ஒரு நாள், அவிட என் அக்கா பட்டினி, இங்க நான் பட்டினி. லோகத்துல எங்க ஆளு எங்க இருந்தாலும் இதே நாள், சூரியன் தாழ்ந்து மறுநாள் நட்சத்திரம் வர்ற வரைக்கும். அன்னிக்கு மேல வாசல் திறந்திருக்கும்னு சொல்வாங்க. நட்சத்திரம் வரும்போது அடைச்சிடும். அந்த வாசல்ல எல்லாரும் நிப்பாங்க. கூட்டத்துல நானும். அன்னிக்கு மட்டும் நான் ஒத்தைக்கில்ல."

நான் அதைக் கேட்டுக்கொண்டே ஃபிரிட்ஜுக்கு மேலிருந்த காலண்டரைப் பார்த்தேன். முந்தின நாள் விஜயதசமி. அவர்களுடைய புது வருஷத் தேதியைக் கேட்டேன். மகாளய அமாவாசைக்கு மறுநாள். அதாவது எங்கள் நவராத்திரி ஆரம்பிக்கிற சமயம். அவர்களுக்கும் மாதம் என்பது அமாவாசையில் தொடங்குவதுதான். இருவரும் காலண்டரைக் கழற்றித் தரையில் வைத்துக் நான் கிழித்துச் சேர்த்து வைத்திருந்த தாள்களையெல்லாம் எடுத்து அடுக்கினோம். பெஸஹா சித்திரைப் பௌர்ணமி பக்கம் வந்திருந்தது.

"உங்க ஆளுங்க எங்ககிட்டேர்ந்து அடிச்சதா, எங்க ஆளுங்க உங்ககிட்டேர்ந்து அடிச்சதா?" என்று கேட்டார் சேச்சி.

"சந்திரன் ஒண்ணுதானுங்களே" என்றேன். பெரிய விஞ்ஞானி மாதிரி.

அடுத்த மழைக்காலத்தில் எர்ணாகுளத்துப் பெரியவர் இறந்துபோனார். அவருடைய பக்கத்து வீட்டு டீச்சர் கடிதம் மாற்றி அனுப்பச் சம்மதித்தார்; ஆனால் டீச்சருக்குத் தேதி தெரியாது, கடிதமும் மூன்று நான்கு மாதம் தாமதமாக வந்தது. சேச்சி கையொடிந்தவர் மாதிரி இருந்தார். நான் காலண்டரை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். "விஜயதசமிக்கு மறுநாள், சேச்சி. வேறென்ன?"

அந்த வருஷம் அப்படியே நோன்பு இருந்தார். நான் மாடியில் மூன்று எண்ணினேன். பிப்ரவரியில் அக்காவின் கடிதம் வந்தது. நோன்பன்று அவர்கள் ஊரில் வெயில் கடுமை என்று தேதி போட்டு எழுதியிருந்தார். அதே தேதி. சேச்சி அந்தத் தாளால் என் தலையில் தட்டினார். "எஞ்சினீயர்!" நான் என் நோட்டில் எழுதினேன்: விதி — விஜயதசமிக்கு மறுநாள். சரிபார்க்கப்பட்டது.

அதற்குப் பதில் எழுத உட்கார்ந்த சேச்சி, "இந்த வருஷ நாளெல்லாம் எழுதி அனுப்பச் சொல்லி அக்காவைக் கேக்கட்டா?" என்றார்.

"எதுக்குங்க? காலண்டர்தான் இருக்குதே" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

மூன்றாவது வருஷம், எண்பத்தெட்டு, விஜயதசமி அக்டோபர் இருபதாம் தேதி வியாழக்கிழமை. அப்படியானால் நோன்பு வெள்ளிக்கிழமை. விடுமுறை நாள்; பொய் சொல்லி லீவு எடுக்க வேண்டாம். சேச்சிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். இனி அந்த வருஷத்துச் செப்டம்பரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒன்றுமே நடக்காத ஒரு புதன்கிழமை அது. முந்தின நாள் லீவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் அம்மா பார்சல் கொடுத்தனுப்பியிருந்தாள். பருப்புப்பொடி, நெய், நெல்லிக்காய் ஊறுகாய். லேபின் பின்னால் டீ போடும் இடத்தில் சுடுசோறு வைத்து நானும் சேச்சியும் சாப்பிட்டோம். எனக்கு அன்று மனசு சரியில்லை. பார்சலைப் பிரித்ததும் அம்மாவின் கை வாசனை வந்துவிட்டிருந்தது. என்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்றே சேச்சி டெலக்ஸ் மெஷின் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு, "ஊறுகா ஸ்டாப் இன்னும் கொஞ்சம் ஸ்டாப் அர்ஜென்ட்" என்று தட்டை நீட்டினார். சாயங்காலம் ரோலா மார்க்கெட்டில் இருவரும் கர்ட்டன் துணி பார்த்தோம். நீலமா பச்சையா என்று அரைமணி நேரம் சண்டை.

அக்டோபர் பதினேழு, திங்கட்கிழமை. மேனேஜரின் மேசை டைரியில் அந்த மாதத்துக் கியூப் தேதிகளைக் குறிக்கச் சொன்னார்கள். வெளிநாட்டில் அச்சான தோல் அட்டை டைரி. பல நாடுகளின் விடுமுறைகளும் அந்தந்தப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். இருபத்தெட்டு நாள் பின்னால் எண்ணுவதற்காகச் செப்டம்பருக்குப் புரட்டினேன். பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி கறுப்பு மையால் தடித்து அடிக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து வரும் பத்திரிகைகளில் சென்சாரில் இப்படிக் கறுப்படித்த வரிகள் எங்களுக்குப் பழக்கம்தான், புரட்டிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் இருபத்தொன்றாம் தேதியிலும் ஒரு கறுப்பு இருந்தது. பன்னிரண்டு, இருபத்தொன்று. அந்த இரண்டு எண்களும் சேர்ந்து என்னை உறுத்தின. முதல் நாள், பத்தாம் நாள்.

டிரேசிங் பேப்பரைப் பின்பக்கமிருந்து படித்துப் பழகியவள் நான். பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மை முன்பக்கத்தில் மட்டும்தான். பின்னாலிருந்து, கண்ணாடியில் தெரிவது மாதிரி, எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. பன்னிரண்டில் யூதர்களின் புது வருஷம். இருபத்தொன்றில் நோன்பு.

செப்டம்பர் இருபத்தொன்று, புதன்கிழமை. பருப்புப்பொடி, நெய், நெல்லிக்காய்.

எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. சந்திரனை வைத்து எண்ணும் வருஷம் பதினோரு நாள் குறையும். ரம்ஜான் வருஷா வருஷம் முன்னால் நகர்வதை அந்த ஊரில் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி நகர்ந்துவிடாமல் இருக்க நம் திதிக் கணக்கிலும் அவர்கள் கணக்கிலும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கூட்டுவதில்லை. அவ்வளவுதான். நாங்கள் கூட்டியாகிவிட்டது, அவர்கள் இன்னும் கூட்டவில்லை. முந்தைய இரண்டு வருஷம் சரியாக வந்தது. இரண்டு கியூபை உடைத்துவிட்டு நான் சர்ட்டிபிகேட் எழுதியிருக்கிறேன்.

அன்று மாலை ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பக்கமாக எழுதினேன். சொன்னால்: நோன்பன்று சாப்பிட்டது அவருக்குத் தெரிந்துவிடும். இனி மாற்ற முடியாது. அடுத்த நோன்புக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் இருக்கிறது. சொல்லாவிட்டால்: வெள்ளிக்கிழமை நிம்மதியாக நோன்பிருப்பார். ஆனால் வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள், அது அவருக்குத் தெரியாது. பிப்ரவரியில் அக்காவின் கடிதம் வரும். அப்போது தெரியும், எனக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று என்னைப் பார்ப்பார். லேபில் ஃபெயில் ஆன ரிசல்ட்டை மறைப்பவளுக்கு அங்கே வேலை இல்லை என்று நானே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். சொல்வது என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை சொல்லவில்லை. செவ்வாய் சேச்சி வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டார், அன்றும் சொல்லவில்லை. புதனன்று அவரே பேச்செடுத்து, அமாவாசைக்கு மறுநாள் தேனில் தொட்டுச் சாப்பிட்ட பேரீச்சம்பழம் இந்த வருஷம் நல்ல ருசி என்றார். அவருடைய புது வருஷம் அது. அதுவும் ஒரு மாதம் தப்பு. ஆமாங்க, நல்லா இருந்துச்சு என்றேன்.

வியாழக்கிழமை விஜயதசமி. சூரியன் சாய்வதற்கு முன்னால் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டு, குளித்து, வெள்ளை உடுத்தி, நோன்பில் தோல் ஆகாது என்பதால் தோல் செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார். ஒவ்வொரு வருஷமும் நோன்பு தொடங்குமுன் வருவார். மனுஷருக்குச் செய்த தப்பை அந்த மனுஷர் பொறுத்தால்தான் மேலே பொறுப்பார்களாம். அதனால் முதலில் இங்கே கேட்டுவிட வேண்டும். எனக்கு அது எப்போதும் வேடிக்கையாக இருக்கும், "என் தயிரைத் தின்னதுக்கா சேச்சி?" என்று கேட்பேன்.

"மோளே, இந்த வருஷம் உன்கிட்ட நான் அறிஞ்சும் அறியாமலும் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா, பொறுத்துக்கோ."

நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடி ஓரமாக வைத்தேன்.

"எந்தா? தயிரு கணக்கு பாக்கறயா?"

"நாந்தானுங்க கேக்கணும்" என்றேன். "சேச்சி, நாளைக்கு நோம்பு இல்லீங்க. நான் தப்பாச் சொல்லிப்போட்டேன். போன மாசமே முடிஞ்சு போச்சு."

அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். நான் டைரி, கறுப்பு மை, கூட்டும் மாதம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ரிப்போர்ட் படிப்பது போல என் குரல் எனக்கே கேட்டது.

"எந்த நாள்?"

"செப்டம்பர் இருபத்தொண்ணு. புதன்."

"நீ தினமும் எழுதுவே அல்லே. எடு."

நோட்டை எடுத்தேன். படிக்கச் சொன்னார். படித்தேன். "ஒன்பது கியூப், எல்லாம் பாஸ். மதியம் அம்மா பார்சல். சேச்சி சோறு இரண்டு தடவை வாங்கினார். ஊறுகாய் பாதி காலி. மாலை ரோலா, கர்ட்டன் துணி, முடிவாகவில்லை."

"ரோலாவுக்கு எத்தன மணிக்குப் போனோம்?"

"ஆறேகால் இருக்குமுங்க."

"வாசல் அடைக்கற நேரம்" என்றார். பிறகு, "நான் நீலமா பச்சையான்னு நின்னேன்" என்றார்.

அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பெஸஹாவுக்கு ரெண்டாவது நாள் ஒண்ணு உண்டு. தூர வழியில இருந்து அன்னிக்கு வர முடியாமப் போனவங்களுக்கு. சரியா ஒரு மாசம் கழிச்சு. வேதத்துலயே இருக்கு. சின்னதுல அப்பா அதைச் சொல்லும்போது, ஆரு அப்படித் தூரத்துல போய் மாட்டிக்குவாங்கன்னு நினைப்பேன்."

"அப்ப இதுக்கும்..."

"இதுக்கு இல்ல. நோம்புக்கு ஒரு நாள்தான்."

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அது முடியும்வரை சேச்சி அசையவில்லை. பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். ஃபிரிட்ஜைத் திறக்கும் சத்தம், தம்ளர் சத்தம். நான் வாசலில் நின்று பார்த்தேன். காலண்டருக்கு நேர் கீழே நின்று, ஒரு தம்ளர் தண்ணீர் முழுவதையும் நிதானமாக, நிறுத்தாமல் குடித்தார்.

"கலாஸ்" என்றார், முடிந்தது என்பதற்கு அந்த ஊர்ச் சொல். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"என்னை மன்னிச்சுருங்க சேச்சி."

"உன்னை நான் அப்பவே பொறுத்தாச்சு. என் கையில உள்ளது அது மட்டும்தான்." என் கன்னத்தைத் தொட்டார். கை ஜில்லென்று இருந்தது. "நீ சொன்னது நல்லது. இல்லேன்னா நாளைக்கு நான் ஆருமில்லாத இடத்துல நிப்பேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை புட்டும் கடலையும் செய்தார். சாப்பிட்டோம். நர்சுகள் வந்து கூப்பிட்டார்கள். தலைவலி என்றார்.

அதன் பிறகும் சேச்சி சட்னி அரைத்தார், நான் பாத்திரம் கழுவினேன். நாங்கள் நீலக் கர்ட்டனே வாங்கினோம். ஆனால் அவர் ஏதோ ஒன்றை எண்ண ஆரம்பித்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. எண்ணுகிறவர்களை எனக்குத் தெரியும். பிப்ரவரியில் அக்காவின் கடிதம் வந்தபோது அதைப் பிரிக்காமலே ஒரு நாள் வைத்திருந்தார். அடுத்த வாரம் ஆபீசில் விசா கேன்சலுக்கு எழுதிக் கொடுத்தார்.

"இந்த வருஷத்து நாளு எல்லாம் நான் சரியாப் போட்டுத் தர்றனுங்க. இப்ப எனக்குக் கணக்குத் தெரியும்" என்றேன். நான் கெஞ்சியது எனக்கே தெரிந்தது.

"தெரியும் மோளே. நீ சரியாத்தான் போடுவே." சூட்கேஸில், தன் அம்மா அவர்களுடைய பண்டிகைப் பாட்டுகளை மலையாளத்தில் எழுதி வைத்த நோட்டை வைத்தார். எபிரேய எழுத்தில் ஒரு தாள்கூட அவர் கொண்டு வந்ததில்லை. அந்த நோட்டு மட்டும் மலையாளத்தில் இருந்ததால் ஏர்போர்ட்டில் யாருக்கும் சந்தேகம் தோன்றவில்லை. "ஆனா இனி ஒருத்தர்கிட்ட நாள் கேட்டுத் தெரிஞ்சுக்கற இடத்துல என்னால இருக்க முடியல. அவிட எல்லா வீட்டுச் சுவருலயும் அது தொங்கும். கேக்கவே வேண்டா."

எர்ணாகுளம், பிறகு பம்பாய், பிறகு அவிட. ஏர்போர்ட்டுக்கு அந்தப் பட்டாணிய டிரைவர்தான் வேனில் கொண்டுபோய் விட்டார். "சேச்சி, வாபஸ் கப்?" என்று திரும்பி வரும் நாளைக் கேட்டார். "ஈத் கே பாத்", பெருநாளுக்குப் பிறகு, என்று சேச்சி சிரித்தார். எந்த ஈத் என்று அவர் கேட்கவில்லை. எனக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார். அவிடத்திலிருந்து ஷார்ஜாவுக்குக் கடிதம் வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எர்ணாகுளத்து டீச்சரும் அந்த வருஷம் மகனோடு திருவனந்தபுரம் போய்விட்டார்.

சேச்சியின் அறைக்கு மங்களூரிலிருந்து ஒரு டைப்பிஸ்ட் வந்தாள். நல்ல பெண். ரேடியோ சத்தமாக வைப்பாள்.

அக்டோபரில் அம்மா அனுப்பிய புதுக் காலண்டரில் நான் கணக்குப் போட்டேன். அவர்கள் விட்டுவைத்திருந்த மாதத்தை இடையில் கூட்டிவிட்டார்கள். மறுபடி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. இந்த முறை மறுநாள் இல்லை, விஜயதசமிக்கு முந்தின நாள். மேனேஜரின் புது டைரியைத் திறந்து பார்த்தேன். நான் கணக்கிட்ட தேதியின் பக்கத்திலேயே கறுப்பு மை இருந்தது. மூன்றாவது கியூபும் உடைந்து, கணக்கு இப்போது சரியாக இருந்தது.

அன்று நான் பட்டினி இருக்கவில்லை. அது என் நோன்பு இல்லை. மதியம் லேபில் எல்லோரோடும் சாப்பிட்டேன். ஆனால் சாயங்காலம் வேன் இறக்கிவிட்டதும் அறைக்குப் போகாமல் நேரே மாடிக்குப் போனேன். ஆன்டெனாக் கம்பிகள் அப்படியே இருந்தன. ஒன்று சீக்கிரம் தெரிந்தது, அது கிரகம், விட்டுவிட்டேன். பிறகு தெற்கே ஒன்று. வெகு நேரம் கழித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒன்று. மூன்றாவது வரும்போது கழுத்து வலித்தது.

கீழே இறங்கி வந்தபோது மங்களூர்ப் பெண் கதவைத் திறந்தாள். மாடியில் இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று கேட்டாள்.

துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன் என்றேன். என் கையில் துணி எதுவும் இல்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை.